கொம்பு வைத்த முனி

முதல் கல் சிலையின் கொம்பில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது கல் சிங்காரத்தின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. சாரத்தில் பத்தடி உயரத்தில் நின்றிருந்தவன் கையிலிருந்த பெயிண்ட் டப்பாவை விடவில்லை. அது சாய்ந்து, சிவப்பு பெயிண்ட் லுங்கியில் வழிந்தது. காதிலிருந்து வழிந்ததும் அதோடு போய்ச் சேர்ந்தது. கீழே நின்றவர்களுக்கு எது பெயிண்ட், எது ரத்தம் என்று தெரியவில்லை.

"எறங்குடா கீழ!" ராஜ்குமார் கத்தினான். அவன் கையில் மூன்றாவது கல் இருந்தது.

"இன்னா ராசு, இன்னா ஆச்சு? சாமி மேலயா கல்லு வுடுற?"

"சாமியா? யாருக்குடா சாமி?"

நேற்றுவரை அவன் சிங்காரத்தை 'ணா' போட்டுத்தான் கூப்பிட்டான். எட்டு வயது இளையவன். பெங்களூரில் கம்பெனி வேலை. சிலைக்கான சிமெண்டும் கம்பியும் அவன் உபயம். மூன்று மாதமாக எழும்பிய எல்லைமுனிக்கு மறுநாள் விடிந்ததும் கண் திறப்பு. சிலையின் முகம், கொம்பு, பல் எல்லாம் முடிந்துவிட்டது. கண் மட்டும் இரண்டு வெள்ளைக் கிண்ணம் போல இருந்தது. கருவிழி வைக்கும்வரை அது சிமெண்டுதான். வைத்தபின் அது சாமி. யாரும் உளியோ சுத்தியோ கொண்டு அதைத் தொட முடியாது. முதல் பார்வை ஆட்டின்மேல் விழவேண்டும். மனுஷன்மேல் விழுந்தால் முனி அவனைத் தன் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்பது அந்த மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

காலையில் ராஜ்குமார் பள்ளிக்கூட மேட்டில் சிக்னல் பிடித்து, சிலையின் போட்டோவை ஆபீஸ் குரூப்பில் போட்டிருந்தான். 'எங்கள் ஊர்க் காவல் தெய்வம்' என்று எழுதியிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் பதிலுக்கு ஒரு படம் அனுப்பினான். அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகம் ஒன்றின் அட்டை. அதே இரண்டு கொம்பு, வலது கொம்பில் அதே முறிவு. அதே சிவப்பு முகம், தாடையில் எலும்பு கோத்த அதே சங்கிலி. கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. 'உங்க ஊர்ல வில்லனுக்குத்தான் கெடா வெட்டுவீங்களா?' என்று டீம் லீடர் கேட்டிருந்தார். ராஜ்குமார் அங்கேயே நின்று அந்தப் புத்தகம் முழுவதையும் போனில் இறக்கிக்கொண்டான்.

ராஜ்குமார் கல்லைப் போட்டுவிட்டுச் சாரத்தின் கால் கழியைப் பிடித்து உலுக்கினான். அவனுடைய பங்காளிகள் இரண்டு பேர் கூடச் சேர்ந்தார்கள். கயிறு அறுந்தது. ஒரு பக்கச் சாரம் மடங்கி விழ, சிங்காரம் பீடத்தின் விளிம்பில் இடுப்பு அடித்துத் தரையில் வந்து கிடந்தான். எழுவதற்குள் ராஜ்குமார் விலாவில் உதைத்தான். மறுபடி அதே இடத்தில் உதைத்தான்.

"வுடுடா! செத்துப் பூடுவான்!" சிங்காரத்தின் மனைவி பச்சையம்மா மணல் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஒரு பங்காளி அவளைக் கொண்டையோடு பிடித்து நிறுத்தினான்.

ஊர்க்கவுண்டர் துரைக்கண்ணு வந்து சேர்ந்தபோது பாதி ஊர் கூடியிருந்தது. ராஜ்குமார் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"பாருங்க மாமா. இவன் பேரு கிராவாக்ஸ். நரகத்துல இருந்து வர்ற பேயி. ஊரைக் கொளுத்துறதுதான் இவன் வேலை. இவனுக்குத்தான் நாளைக்கு நீங்க கெடா வெட்டப் போறீங்க."

துரைக்கண்ணு படத்தையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிங்காரத்தைப் பார்த்தார்.

"கனவுல முனி இப்பிடித்தான் வந்தாருன்னு சொன்னியேடா. கொம்பு எதுக்குன்னு நான் கேட்டப்போ இன்னா சொன்ன?"

சிங்காரம் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். கனவு என்று அவன் சொன்னது பொய்தான்.

அது கனவில் வரவில்லை, வடை சுற்றிய தாளில் வந்தது. அவனுக்கு ஒன்பது வயதில் வீட்டுக் கூரை தீப்பிடித்தது. உள்ளே தம்பி சின்னதம்பி இருந்தான். நாலு வயது. வெளியே நின்றவர்கள் தண்ணீர் எடுத்துவர ஓடினார்கள். உள்ளே யாரும் போகவில்லை. சிங்காரம் போனான். தம்பியின் கையைப் பிடித்துவிட்டான். எரிந்த கூரை வாரை ஒன்று விழுந்தது. பிடி விட்டுப்போனது. முழங்கை வரை வெந்த கையோடு அவனைப் போளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக் கடையில் அப்பா வாங்கித் தந்த வடை நாலு பக்கத் தாளில் இருந்தது. கலர்ப் படங்கள். எழுத்து இங்கிலீஷ். முன்னும் பின்னும் கிழிந்திருந்தது.

முதல் மூன்று பக்கத்தில் கொம்புக்காரன் ஒருவன் இன்னொருவனை அடித்துக்கொண்டிருந்தான். அடிபட்டவனுக்கு மழமழவென்று சவரம் செய்த முகம், இஸ்திரி கலையாத உடுப்பு, தோளில் ஒரு துணி. அப்படிப்பட்ட முகத்தோடு மலைக்கு வருகிறவர்கள் எதையாவது அளக்கவோ எழுதவோ வருகிறவர்கள். அவன் அடிவாங்கியது சிங்காரத்துக்கு நியாயமாகவே பட்டது. நாலாவது பக்கத்தில் சுற்றிலும் நெருப்பு. கொம்புக்காரன் ஒரு பையனை இடுப்பில் பிடித்து, நெருப்புக்கு மேலே ஒற்றைக் கையால் உயரத் தூக்கியிருந்தான். அதோடு தாள் முடிந்தது.

யார் சாமி, யார் பேய் என்று அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அவன் பார்த்த காவல் சாமிகள் எல்லாருக்கும் சிவந்த முகம், பிதுங்கிய கண், கோரைப்பல். எல்லையில் நிற்கிறவர் அழகாக இருந்தால் யார் பயப்படுவார்கள்? எண்ணெய்க் கறையோடு அந்தத் தாளைப் பாலித்தீன் பையில் போட்டு இருபத்தேழு வருஷம் வைத்திருந்தான். செங்கத்துப் பக்கம் சிலைக்கார மேஸ்திரி ஒருவரிடம் பதினோரு வருஷம் சிமெண்டு குழைத்தான். குதிரைக்குக் குளம்பு வைத்தான், நாய்க்கு வால் வைத்தான். மேஸ்திரி முகத்தைத் தொட விடமாட்டார். பச்சையம்மாவைக் கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பி, சாமையும் தினையும் விதைத்தான், கோயில்களுக்கு வெள்ளையடித்தான். இந்த முனிதான் அவன் முகம் வைத்த முதல் சாமி. இடது கையில் ஒரு பிள்ளையைத் தூக்கிப் பிடித்திருந்த முனி.

"அந்தத் தாளு எங்கிட்ட கீது மாமா," என்றான் சிங்காரம். "புள்ளைய நெருப்புலேந்து தூக்குறாரு. நான் பாத்திருக்கேன்."

ராஜ்குமார் சிரித்தான். போனில் விரலைத் தள்ளித் தள்ளி ஒரு இடத்தில் நிறுத்தி, சிங்காரத்தின் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தினான்.

"நீ வெச்சிருக்கிற பக்கம் இது. சரியா? இப்போ அடுத்த பக்கம் பாரு."

அடுத்த பக்கத்தில் கொம்புக்காரனின் விரல்கள் விரிந்திருந்தன. பையன் கீழே போய்க்கொண்டிருந்தான். அவன் வாய் திறந்திருந்தது. கொம்புக்காரன் சிரித்தான்.

சிங்காரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். உதை விழுந்தபோது வராத சத்தம் ஒன்று அவன் தொண்டையிலிருந்து வந்தது.

"இன்னும் கண்ணு தெறக்கல," என்றான் ராஜ்குமார். "இப்போ வெறும் சிமெண்டு. இப்பவே ஒடச்சுடணும். நாளைக்குன்னா யாரும் கை வைக்க முடியாது."

துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒடச்சுடு. சாமி பேர்ல ஊரை ஏமாத்தினவன் வூட்டுக்கு இன்னையிலேர்ந்து தண்ணியும் இல்ல, நெருப்பும் இல்ல. யாரும் பேசக் கூடாது."

யாரோ சம்மட்டி கொண்டுவந்தார்கள். ராஜ்குமார் பீடத்தில் ஏறினான். முதல் அடி சிலையின் முட்டியில் விழுந்து சிமெண்டு பெயர்ந்தது. அவன் பார்வை பிள்ளையைத் தூக்கியிருந்த கைக்குப் போனது.

சிங்காரம் எப்படி எழுந்தான் என்று யாருக்கும் தெரியாது. பீடத்தில் ஏறி, சிலையின் மடியில் கால்வைத்து, அந்தப் பிள்ளையின்மேல் தன் வலது கையைப் போட்டுக்கொண்டான்.

"ராசு, படத்துல கீறவன் புள்ளையக் கீழ போட்டான். சரி. நான் செஞ்சவரு போடல. கையப் பாரு. வெரலு மூடிகீது. உள்ள எட்டு எம்எம் கம்பி. எப்பிடிடா போடுவாரு?"

"எட்றா கைய!"

"மாட்டேன்."

"ணா, சொல்றேன். எடு."

"நீ வாங்கிக் குடுத்த கம்பிதான்டா."

சம்மட்டி இறங்கியது. பச்சை மூங்கில் முறிவது போன்ற சத்தம் கேட்டது. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்து நின்றது. கூட்டத்தில் ஒருத்தி வாந்தி எடுத்தாள்.

பச்சையம்மா தன்னைப் பிடித்திருந்தவனின் கட்டைவிரலைக் கடித்தாள். பல் எலும்பில் முட்டும்வரை விடவில்லை. அவன் அலறிக்கொண்டு விலகியதும், விழுந்து கிடந்த சாரக் கழியை எடுத்து ராஜ்குமாரின் கெண்டைக்காலில் அடித்தாள். அவன் பீடத்திலிருந்து மல்லாந்து விழுந்தான். அவள் மறுபடியும் ஓங்கினாள். மூன்று பேர் அவள்மேல் விழுந்து அமுக்கினார்கள்.

அந்த நேரத்தில் சிங்காரம் மேலே ஏறிக்கொண்டிருந்தான். முனியின் தோளில் ஒரு கால், தாடைச் சங்கிலியில் ஒரு கால். முறிந்த கையின் முழங்கையைக் கொம்பில் மாட்டி, உடம்பை முகத்தோடு ஒட்டிக்கொண்டான். கருப்புப் பெயிண்ட் கீழே எங்கோ கிடந்தது. தேவைப்படவில்லை. இடது கையின் ஆட்காட்டி விரலை வலது மணிக்கட்டில் தோய்த்தான்.

அவன் என்ன செய்யப் போகிறான் என்பது முதலில் துரைக்கண்ணுவுக்குத்தான் விளங்கியது.

"டேய், வேணாம்டா! ஆடு இன்னும் வர்ல! முன்னாடி யாரும் நிக்காதீங்க!"

கூட்டம் இரண்டாகப் பிளந்து ஓடியது. ஒரு கிழவர் மிதிபட்டார். பச்சையம்மாவை அமுக்கியவர்கள் அவளை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். சிலைக்கு நேர் எதிரில், சம்மட்டியை ஊன்றி ஒற்றைக் காலில் எழ முயன்றுகொண்டிருந்த ராஜ்குமார் மட்டும் மிச்சம்.

சிங்காரம் இடது கண்ணில் விரலை வைத்துச் சுழற்றினான். பிறகு வலது கண்ணில். உடம்பை ஒதுக்கிக்கொண்டான்.

ராஜ்குமார் நிமிர்ந்து பார்த்தான். முனி அவனைப் பார்த்தார்.

பெங்களூரும் குரூப்பும் அவன் முகத்திலிருந்து எங்கோ போய்விட்டன. சம்மட்டி கைநழுவிச் சாய்ந்தது. அவன் மனைவி கலைவாணி நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஆட்டைக் கொண்டாங்க! யாராவது கொண்டாங்களேன்!" என்று கதறினாள். மறுநாளுக்கென்று கட்டியிருந்த கிடாவைப் பங்காளிகள் காதைப் பிடித்து இழுத்துவந்தார்கள். மஞ்சள் தண்ணீர் இல்லை, மாலை இல்லை. அருவா மொண்ணை. மூன்று வெட்டு ஆனது. ரத்தம் ராஜ்குமாரின் முகத்தில் அடித்தது. அவன் துடைக்கவில்லை. துரைக்கண்ணு மண்ணில் குப்புற விழுந்து கிடந்தார்.

மேலே, கொம்பில் மாட்டியிருந்த கை நழுவியது. சிங்காரம் விழுந்தான். பச்சையம்மா கீழே நின்று அவனைப் பாதி தாங்கினாள். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பச்சையம்மா அவனைப் போளூருக்கு அழைத்துப்போனாள். எக்ஸ்ரேயில் மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. விலாவில் ஒன்று. பிளேட் வைக்கவேண்டும், திருவண்ணாமலைக்குப் போங்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். எப்படி அடிபட்டது என்று கேட்டார். சாரத்திலிருந்து விழுந்ததாகச் சிங்காரம் சொன்னான்.

ஊரில் கிடாக்கறியைப் பங்கு போட்டார்கள். துரைக்கண்ணு ஒரு பங்கைச் சிங்காரத்தின் வீட்டு வாசலில் சட்டியில் மூடி வைத்துவிட்டு வந்தார். தண்ணீர், நெருப்பு பற்றி அவர் எதுவும் பேசவில்லை. ராஜ்குமார் பத்து மணிக்குக் காரில் கிளம்பினான். எல்லை வழியாகப் போகாமல், சாமைக் கொல்லை வழியாக வண்டியை இறக்கினான். அதற்கு முன்பே குரூப்பிலிருந்து விலகியிருந்தான்.

முனியின் கண்கள் மதியத்துக்குள் காய்ந்து கறுத்துவிட்டன. இடது கண் வலது கண்ணைவிட அரை விரல் கீழே இருந்தது. திருத்த யாரும் ஏறவில்லை.

போளூர் பஸ் ஸ்டாண்டில் பச்சையம்மா வடை வாங்கினாள். சிங்காரம் இடது கையால் தாளைப் பிரித்துப் பார்த்தான். வீட்டுமனை விளம்பரம். திருவண்ணாமலை பஸ் இரண்டே முக்காலுக்கு வந்தது.