கடற்கரையில் நான் கூட்டிய குப்பை

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது ஐந்து, தங்கை விட்டுப்போனது இரண்டு — ஆக வளர்த்தது ஏழு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் இருபது வருஷமாகச் சமையல். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன். மிச்சத்தை நான் சொல்லச் சொல்லப் பேத்தி செல்வி எழுதுகிறாள்.

போன சனிக்கிழமை கடலுக்குப் போய் வந்தேன். குளிக்க அல்ல... கூட்ட!

காலேஜில் என்.எஸ்.எஸ். என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதில் இருக்கிற எங்கள் ஹாஸ்டல் பிள்ளைகள் முப்பது பேர், சாயல்குடிப் பக்கம் ஒரு மீனவர் கிராமத்தில் கடற்கரையைச் சுத்தம் செய்யக் கிளம்பினார்கள். ராஜபாளையத்துத் தாய் தகப்பன்மார், "ஆச்சி கூடப் போனா அனுப்புதோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆச்சி நான்தான். புளியோதரை அண்டாவோடு என்னையும் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

முக்கால்வாசிப் பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை. நான் மட்டும்? திருச்செந்தூரில் ஒரே தடவை, பேரனுக்கு மொட்டை போட. ஆனால் வெளியே காட்டிக்கொள்வேனா?

கரையில் இறங்கியதும் பிள்ளைகள் பாலிதீன் பைகளை இரண்டு விரலால் எடுத்தார்கள். தேளைப் பிடிக்கிற மாதிரி! எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருத்தி கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கிக்கொண்டேன்.

சற்றுத் தள்ளி மணலில் பழுப்பாக, சடைசடையாக என்னவோ கிடந்தது. ஒரே கவிச்சி.

"ஏட்டி ஜமீலா, மொதல்ல இதக் கூட்டித் தள்ளுவோம்."

ஜமீலா ராஜபாளையத்துத் துணிக்கடை பாய் மகள். கண் கூர்மை. "ஆச்சி, விரிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு? யாரும் காயப் போட்டிருப்பாவளோ?"

"கடல் கக்குனத எவ காயப் போடுவா? கூட்டுட்டி!"

அரை மணி நேரத்தில் அம்புட்டும், குப்பை கொளுத்தவென்று மணலில் தோண்டியிருந்த குழிக்குள். மேலே பாட்டில், அறுந்த செருப்பு, பாலிதீன். "கொளுத்துறப்போ ஒரு போட்டோ எடுத்துருவோம், ரோல்ல நாலு படம்தான் பாக்கி" என்றார் கூட வந்த டீச்சர். ஒரு பிள்ளை தீக்குச்சியை உரசப் போனாள்.

"ஐயோ, கொளுத்திராதீங்க! அது எம் பாசி!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள் ஒருத்தி. பெயர் அந்தோணியம்மாள். பத்து விரலிலும் துணிக்கிழிசல் சுற்றியிருந்தது. கடலுக்கடியில் பாறையில் வளர்கிற பாசியாம், மருந்துக்கும் தின்பண்டத்துக்கும் விலைக்குப் போகுமாம். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, மூழ்கி மூழ்கிப் பிடுங்க வேண்டுமாம். பாறை கையைக் கிழிக்குமாம். ஆறு நாள் பிடுங்கிக் காயப் போட்டதைத்தான் நான் அரை மணி நேரத்தில் குழியில் தள்ளியிருக்கிறேன்.

"நாலு மணிக்கு ஏவாரி லாரி வந்துரும். உள்ள ஒரு தாளு கெடந்தாலும் மூட்டையோட தள்ளிட்டுப் போயிருவாரு. எம் மகளுக்கு அடுத்த வாரம் பேறுகாலம். இத நம்பித்தான் இருக்கேன்... யாரு கூட்டுனது?"

முப்பது பிள்ளைகளும் கடலைப் பார்த்தார்கள். ஒருத்தி கூட என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"மாணவிகள் தெரியாம..." என்று டீச்சர் இழுத்தார்.

"பிள்ளைகளச் சொல்லாதிய டீச்சர். நான்தான் கூட்டுனேன்."

அந்தோணியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க ஊர்ல வத்தல் காயப் போட மாட்டீகளா?"

ஹாஸ்டல் மொட்டை மாடியில் வத்தலுக்குக் காவலாகக் குச்சியோடு உட்காருகிறவள் நான்!

பிறகென்ன... எல்லோரும் குழியில் இறங்கினோம். உச்சி வெயில். இரண்டு விரல் பிள்ளைகள் பத்து விரலாலும் துழாவினார்கள். மூடி ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம், பாசி ஒரு பக்கம். அந்தோணியம்மாள் மேற்பார்வை. டீச்சர் பிரித்ததையே இரண்டு தடவை திருப்பிக் கொடுத்துவிட்டாள்!

உடைந்த பாட்டில் சில்லு ஒன்று என் விரலில் ஏறிவிட்டது. அவள் தன் விரல் துணி ஒன்றை அவிழ்த்து என் விரலில் சுற்றினாள். "பாத்து ஆச்சி. சோறாக்குற கை."

நாலரைக்கு லாரி வந்தது. வியாபாரி மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுக் கிளறினார்.

"என்னம்மா, ஒரு சிப்பி கூட இல்ல! நெசமா உன் பாசிதானா?"

"பின்ன? சுத்தம் பண்ணுறதுக்குன்னே ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஆள் எறக்கியிருக்கேன்ல!" என்றாள் அந்தோணியம்மாள். மூட்டைகள் லாரியில் ஏறின. அதற்கப்புறம்தான் புளியோதரை அண்டாவையே திறந்தோம்.

கடைசியில் நாங்கள் அள்ளிய உண்மையான குப்பை நாலு சாக்கு. அதில் ஒன்று நாங்கள் தின்று போட்ட இலை!

அடுத்தவர் ஊரைச் சுத்தம் செய்யப் போனால், எது குப்பை என்று அந்த ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கு இத்தனை வயசுக்கு மேல் புரிகிறது.

ஏட்டி செல்வி, முதலில் இருந்து ஒருக்கா வாசி பார்ப்போம். நான் விளக்குமாறு வாங்கின இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாக வாசி.