உப்புத் தண்ணீரின் மேல் போட்ட பழி

அக்காவுக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தை மாதம் மறுபடி உதிரம் பட்டது.

அக்கா கடலோர உப்பு ஏரியில் கையால் இறால் பிடிப்பவள். இறாலைப் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீரில் குந்தியபடி சேற்றைத் துழாவுவாள். அந்த வேலை செய்யும் பெண்களுக்கு அரிப்போ எரிச்சலோ வெள்ளைப்படுதலோ, எது வந்தாலும் பழி உப்புத் தண்ணீர் மேல்தான்.

"உப்பு அறுத்துட்டிருக்கும். கொஞ்ச நாளு எறங்காத, தானா நின்னுடும்" என்றாள் அவளோடு இறங்கும் ஒருத்தி.

இன்னொருத்தி, "வயசு திரும்புது போல. மாமாவ உஷாரா இருக்கச் சொல்லு" என்றாள். அக்காவும் சிரித்தாள்.

கொஞ்ச நாள் அவள் ஏரியில் இறங்கவில்லை. உதிரமும் நின்றது. உப்புதான் காரணம் என்று முடிவாயிற்று.

சித்திரையில் அக்கா என் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். ஒரு காலை நான் அவள் புடவையை அலசும்போது உதிரக் கறையைப் பார்த்தேன்.

"இங்க வந்ததுலேர்ந்து தண்ணில எறங்கவே இல்லியேக்கா. அப்ப இது எங்கேர்ந்து வருது?"

அவள் புடவையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பக்கத்துக் குப்பத்தில் கர்ப்பப்பைப் புற்றில் போனவளை இருவருமே நினைத்துக்கொண்டோம்.

மறுநாளே அக்காவைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பொறுமையாக விசாரித்தார். எவ்வளவு பட்டது, சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்றெல்லாம் கேட்டார். கர்ப்பப்பை வாயைப் பார்த்துவிட்டு அங்கே புண் இல்லை என்றார். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருந்தது.

"நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் காரணம் தெரியணும்மா. பெரும்பாலும் பயப்படற மாதிரி இருக்காது. ஆனா சதை எடுத்துப் பாக்காம நான் அப்படிச் சொல்ல முடியாது."

"சதைய கீறினா பரவிடும்னு சொல்றாங்களே" என்றாள் அக்கா.

"அதெல்லாம் பரவாது. பாக்காம விட்டாத்தான் ஆபத்து."

மயக்கம் கொடுத்து, சின்னக் கேமரா விட்டுப் பார்த்து, உள்ளே இருந்த சிறு சதை வளர்ச்சியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்பாள்.

புற்று இல்லை. மறுபடி பட்டால் உடனே வரச் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் பக்கத்தில், மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு ஒருத்தி உட்கார்ந்தாள். "இன்னாக்கா, ஆஸ்பத்திரியா?" என்றாள். அக்கா ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்தவள் கூடையை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். பிறகு அக்காவின் காதருகே குனிந்தாள்.

"எனக்கும் நின்னப்புறம் படுதுக்கா. ஊட்ல சொல்லல."

"ஊட்ல சொல்லு. நாளைக்கு நானே கூட வரேன்" என்றாள் அக்கா.