நான்கு மூலை மஞ்சள்

அந்த உறையை என்னிடம் கொடுத்தபோது காவல் நிலையத்து எழுத்தர் ஒரே வாக்கியத்தை மூன்று மொழிகளில் சொன்னார். ஆங்கிலத்தில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை, கடைசியாகத் தமிழில்.

"பிரிக்கக் கூடாது தங்கச்சி. பிரிச்சா செல்லாது. அதோட விடமாட்டாங்க. ஏன் பிரிச்சேன்னு கேப்பாங்க."

காக்கி நிறத்தில் நீளமான உறை. மடிப்பு முழுவதும் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. நடுவில் சிவப்பு அரக்கு, அதன்மேல் முத்திரை. சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. என் நடத்தையைப் பற்றிப் போலீஸ் எழுதிய கடிதத்தை, முத்திரை கலையாமல், கோலாலம்பூர் விசா அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும். அது, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு பிரிட்டிஷ் அரசு போரிட்டுக்கொண்டிருந்த அவசரகாலம். போலீஸ் எழுதித் தராமல் மலாயாவிலிருந்து எவரும் எங்கும் போய்விட முடியாது.

உறையை மலாக்காவிலிருந்து எங்கள் ரப்பர் எஸ்டேட்டுக்கு எடுத்துவந்தபோது அதை மடியில் தட்டையாக வைத்து, இரு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தேன். பாச்சாங், பத்து பெரண்டாம் என்று பேருந்து நின்று நின்று போயிற்று. நான் வெளியே பார்க்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கும் என்ற ஒரே கேள்விதான் என்னிடம் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் எவருடைய பெயரையும் எழுதாததற்கும் அதுவே காரணம்.

விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: இந்தியாவில் உள்ள நெருங்கிய உறவினர் யார்? அப்பா எஸ்டேட் ஆபீசில் கிராணி, கணக்கும் பதிவும் எழுதுபவர். படிவங்களின் மொழி அவருக்குத் தெரியும். என் அருகில் உட்கார்ந்து, விரலால் அந்தக் கட்டத்தைத் தொட்டு, "எவருமில்லைன்னு எழுது" என்றார். எழுதினேன்.

ஆனால் எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். அவசரகாலத்துக்கு முன்பு எங்கள் எஸ்டேட் தொழிற்சங்கத்தின் செயலாளர். அவசரகாலம் தொடங்கிய முதல் மாதத்திலேயே, காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் நேரத்தில், எல்லோர் கண் முன்னாலும் அவரை லாரியில் ஏற்றினார்கள். முகாமில் நெடுநாள் வைத்திருந்து, பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இந்த எஸ்டேட்டில் பிறந்தவர், இந்தியாவைக் கண்டதில்லை. கப்பலேறிய பின் அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. எங்கள் வீட்டிலும் அவர் பெயரை எவரும் சொல்லவில்லை.

போலீஸ் கடிதம் அவரைக் குறிப்பிட்டிருந்தால், என் விண்ணப்பத்தில் நான் பொய் எழுதியது விசா அதிகாரியின் மேசையிலேயே வெளிப்பட்டுவிடும். படிப்பு போகும். அப்பாவின் வேலையும் போகக்கூடும். எஸ்டேட் ஆபீசில் ரேஷன் அட்டைகளும் ஆட்களின் பதிவுகளும் அவர் பொறுப்பில் இருந்தன. போலீசின் சந்தேகம் விழுந்தவரிடம் அவற்றை விட்டுவைக்க மாட்டார்கள்.

உறை வந்தது வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி.

குளித்துவிட்டு வந்தபோது உறை என் பெட்டியில் இல்லை. சாமி மேடையில், முருகன் படத்துக்குக் கீழே, வெற்றிலைமேல் இருந்தது. நான்கு மூலைகளிலும் மஞ்சள். அரக்கு முத்திரைக்கு நேர் மேலே, அதற்குத் துணை போல, ஒரு குங்குமப் பொட்டு.

அதை எடுக்கவும் துணியாமல் பார்த்தபடி நின்றேன்.

"என்ன அப்படிப் பாக்குற?" என்றார் அம்மா. "உன் பரீட்சை ரிசல்ட்டுக்கு வச்சேன். காலேஜ் லெட்டருக்கு வச்சேன். இதுக்கு மட்டும் வைக்காம விடுவேனா?"

"அம்மா, இது போலீஸ் கவரு."

"போலீஸ் கவருன்னா சாமிக்கு ஆகாதா?"

நான் கத்தினேன். வாழ்க்கையில் அம்மாவிடம் அதற்கு முன் கத்தியதில்லை. என்ன சொன்னேன் என்பது நினைவில் இருக்கிறது, எழுத மனமில்லை. அம்மா மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

முக்கியமான நாள் என்பதால் அன்றைக்கு மஞ்சளை நிறையத் தண்ணீர் விட்டுக் குழைத்திருந்தார். அந்த ஈரம் மடிப்பின் பசைக்குள் இறங்கிவிட்டது. உலர உலரத் தாள் சுருண்டது. நடுவிலிருந்த அரக்கு அசையவில்லை. ஆனால் வலப்பக்க மூலை இரண்டு விரல் அகலத்துக்கு வாய் திறந்துகொண்டது.

மதியம் அப்பா வந்தார். உறையைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"சோத்துப் பசை போட்டு ஒட்டிரலாம்."

"மஞ்சளை என்னப்பா செய்யறது?"

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"திறந்துதான் கெடக்கு. அவனைப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு ஒரு தடவ பாத்திரலாமா?"

அப்போதும் அவர் பெயரைச் சொல்லவில்லை. 'அவன்' என்றே சொன்னார். கப்பல் போன பிறகு அந்த வீட்டுக்குள் சித்தப்பா வந்தது அந்த ஒரு சொல்லில்தான்.

நான் சுட்டுவிரலை அந்தத் திறப்பில் நுழைத்தேன். உள்ளே தாளின் ஓரம் தட்டுப்பட்டது. வெளியே எடுத்துவிட்டேன். நேர்மையால் எடுத்தேன் என்று எழுத ஆசைதான். அது பயம். படித்துவிட்டால், படிக்காதவளின் முகத்தோடு விசா அதிகாரியின் முன் நிற்க வேண்டும். என் முகம் எனக்கு அவ்வளவு உதவாது.

"திரும்பக் கொண்டுபோய்க் குடுத்துடறேன்பா. நடந்ததைச் சொல்லிடறேன்."

"நம்பமாட்டான்."

"ஒட்டிக் கொண்டு போனா அதைவிட நம்பமாட்டான்."

சனிக்கிழமை போலீஸ் ஆபீஸ் ஒரு மணி வரைதான். காலையிலேயே கிளம்பினேன். முதல் தடை எஸ்டேட் வாசலிலேயே இருந்தது. முள்வேலிக்குள் எங்களைக் குடிவைத்த பிறகு, வெளியே போகிறவர்கள் காட்டிலிருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்தார்கள். பெண்களுக்குத் தகரக் கொட்டகை ஒன்று. அதில் சோதனை செய்பவர் டவுனிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்ன கவரு இது? மஞ்ச குங்குமமெல்லாம் வச்சு! கல்யாணப் பத்திரிகையா?"

"போலீஸ் கடிதம்க்கா."

"போலீசுக்கு எப்ப கல்யாணம்?" என்று சிரித்தவர், மடிப்பு திறந்திருப்பதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். "இது ஏன் வாயப் பொளந்துகிட்டு நிக்குது? உள்ள என்ன?"

"காகிதம் மட்டும்தான்க்கா. திறக்கக் கூடாது."

"சைக்கிள் பம்புக்குள்ள அரிசி கொண்டு போனவனையே புடிச்சவ நான். கவரு எம்மாத்திரம் லா? குடு, விரலை விட்டுப் பாக்கறேன்."

அவர் விரல் நுழைந்தால் மடிப்பு முழுவதும் கிழியும். "அக்கா, வெயில்ல பிடிச்சுப் பாருங்க. குலுக்கிப் பாருங்க. அரிசின்னா சத்தம் வரும்," என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். உறையைக் காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு கொட்டகை வாசலில் வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

இரண்டு தாள்களின் நிழல் தெரிந்தது. ஒன்று நீளமானது, ஒன்று குட்டையானது.

"போ," என்றார். "அடுத்த தடவ சாமி கும்பிட்டா தட்டோட நிறுத்துங்க."

பேருந்து முழுவதும் அந்தக் குட்டைத் தாளையே நினைத்துக்கொண்டு போனேன். என்னைப் பற்றி எழுத ஒரு தாள் போதும். பத்தொன்பது வயதுப் பெண்ணின் நன்னடத்தைக்கு இரண்டாவது தாள் எதற்கு?

எழுத்தர் உறையைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "ஐயோ தங்கச்சி! நான் மூணு பாஷைல சொன்னேனே!"

நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "போலீஸ் கவருக்கே பூஜையா? அடுத்தது லாக்கப்புக்கு மாலை போட வருவாங்களா உங்கம்மா?" ஆனால் அவருடைய கை, உறையை வாங்கியபோது, மஞ்சளில் படாமல் ஓரத்தைப் பிடித்ததைக் கவனித்தேன்.

எழுத்தர் என்னைப் போலீஸ் அதிகாரியிடம் அழைத்துப் போனார். அவர் வெள்ளைக்காரர், நடுத்தர வயது. உறையை மேசைமேல் வைத்து, மூடிய பேனாவால் மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். ஆங்கிலத்தில் கேட்டார்.

"யார் திறந்தது?"

"எவரும் திறக்கவில்லை. மஞ்சளின் ஈரத்தில் பிரிந்துவிட்டது."

"படித்தாயா?"

"இல்லை."

"உன் வீட்டில் வேறு எவராவது?"

"இல்லை."

"இதற்கு எதற்காக மஞ்சள்?"

அவ்வளவு ஆங்கிலம் படித்திருந்தும் அந்தக் கேள்விக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. எழுத்தர் இடையில் புகுந்தார். "எங்கள் வீடுகளில் அப்படித்தான் ஐயா. புதுத் துணிக்கு வைப்பார்கள், கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பார்கள். நல்லது நடக்க வேண்டிய பொருள் எதுவானாலும்."

அதிகாரி மூலையை விரலால் தேய்த்தார். விரல் மஞ்சளாயிற்று. முகர்ந்து பார்த்தார். எவராவது திருட்டுத்தனமாகத் திறந்திருந்தால் இப்படி அடையாளம் வைத்துவிட்டுத் திறந்திருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அரக்கை உடைத்து இரு தாள்களையும் எடுத்தார். நீளமானதைப் படித்து வைத்தார். குட்டையானதைப் படித்ததும் எழுத்தரிடம் நீட்டினார்.

"இதை யார் சேர்த்தது?"

"குடும்பக் கோப்பில் இருந்தது ஐயா. சேர்த்தே அனுப்புவோம்."

"அவர்கள் கேட்டது இந்தப் பெண்ணைப் பற்றி. நாடு கடத்தப்பட்டவனைப் பற்றி அல்ல. கேட்காததை அனுப்பாதே."

அவ்வளவுதான். அதில் இரக்கம் எதுவும் இல்லை. ஒழுங்கற்ற வேலையைக் கண்ட எரிச்சல் மட்டுமே இருந்தது. குட்டைத் தாளை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். எழுத்தர் புது உறையில் ஒரே தாளை வைத்து ஒட்டி, அரக்கை உருக்கி, முத்திரையை அழுத்தினார். மணி பன்னிரண்டு ஐம்பது.

மாலையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தத் தாளுல, அவன் எந்த ஊர்ல இருக்கான்னு போட்டிருந்துச்சா?"

வெள்ளிக்கிழமை அவர் எதற்காகப் பார்க்கச் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைப் போல அவரும் விசாவுக்காகப் பயந்தார் என்றே எண்ணியிருந்தேன்.

"நான் பார்க்கலப்பா."

"சரி," என்றார். "சரிம்மா."

திங்கட்கிழமை விடிகாலை நான் கிளம்பும்போது அம்மா அறையின் மறு ஓரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நான் கிட்டயே வரலம்மா. இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்." கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க அது தகுந்த நேரம். நான் கேட்கவில்லை.

விசா அதிகாரி கத்தியால் உறையைக் கிழித்தார். ஒற்றைத் தாளை என் விண்ணப்பத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சில் முனையால் வரி வரியாக இறங்கினார். 'எவருமில்லை' என்று நான் எழுதியிருந்த கட்டத்தில் பென்சில் நின்றது. தாளைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். பென்சில் அடுத்த வரிக்குப் போயிற்று.

வீட்டுக்குத் திரும்பியதும் கடவுச்சீட்டில் விசா முத்திரை இருந்த பக்கத்தை அம்மாவுக்குக் காட்டினேன். படிக்கத் தெரியாது, ஆனால் நெடுநேரம் பார்த்தார். பிறகு, பயந்து பயந்து, "மஞ்ச வச்சதுனால ஒண்ணும் கெட்டுப் போகலல்ல?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்த மஞ்சள் இல்லாவிட்டால் குட்டைத் தாளும் சேர்ந்தே கோலாலம்பூருக்குப் போயிருக்கும் என்பது அந்த வீட்டில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அம்மாவிடம் சொன்னால் சித்தப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். அம்மா அதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கமாட்டார். சொல்லவில்லை.

கடவுச்சீட்டை மூடி அம்மாவிடம் நீட்டினேன்.

"இதுக்கும் வைம்மா," என்றேன். "தண்ணி மட்டும் கொஞ்சமா."

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, ஒவ்வொரு மூலையிலும் தொட்டுவைத்து, வைத்த கையோடு முந்தானையால் ஒற்றி ஒற்றி உலர்த்தினார்.