ஞானதாசன் ஜெபிக்காத பந்தி

குழித்துறைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் ஞானதாசனை நேரில் தெரியாதவர்கள்கூட அவருடைய ஜெபத்தைக் கேட்டிருப்பார்கள். ஒரு சாயாவும் ஒரு பழம்பொரியும் முன்னால் வந்தால் போதும், கண்ணை மூடிவிடுவார். குலையை ஏலம் விளித்துப் பழகிய தொண்டை. "சர்வ வல்லமையுள்ள ஆண்டவரே" என்று அவர் எடுத்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சாயாக்கடை நாராயணபெருமாள் அய்யாவழிக்காரர். "ஞானதாசா, நீ ஆமென் சொல்லியதுக்குள்ள ரெண்டு பந்திக்காரன் திண்ணுட்டு எழும்பிப் போயிருதான். எனக்க கடையில பெஞ்சு ஒண்ணுதான் கெடக்கு, பாத்துக்க" என்பார். ஞானதாசனுக்கு அதில் உள்ளுக்குள் பெருமைதான். எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதன். சபைக் கமிட்டியில் எழும்பி நின்று நாலு வார்த்தை பேச வராது. சாப்பாட்டுக்கு முன்னால் செய்கிற ஜெபம் ஒன்றுதான் ஊரில் அவருக்கென்று இருந்த மரியாதை. வீட்டிலும் அவர் ஆமென் சொல்லாமல் ஒருவர் கையும் சோற்றில் படாது.

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் மருமகன் ஸ்டெனி அவருக்குப் பக்கத்தில் இருந்தான். ஓமனிலிருந்து லீவில் வந்த பையன், பசியோ என்னவோ, சோறு விழுந்ததும் கையை வைத்துவிட்டான்.

"மாப்பிள்ளே, கைய எடும்" என்றார் ஞானதாசன். ஏலக்குரல்தான். "ஆடுமாடுதான் தலையக் குனிஞ்ச உடனே திங்கும். ஆளுவ முன்னால கண்ணு மூடதுக்கு வெக்கமா வேய்?"

வரிசை முழுக்க ஸ்டெனியைப் பார்த்தது. அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. அன்றைக்கு அவன் பாயசம் வரை இருக்கவில்லை.

அந்த ஸ்டெனிதான் இந்த மாதம் மாமனார் மாமியாரின் முப்பதாம் கல்யாண நாளுக்கு விருந்து ஏற்பாடு செய்தான். மகள் ஜினிஷா போன் போட்டு, "அப்பா, குலசேகரம் போற வழியில ரப்பர் தோட்டத்துக்குள்ள புதுசா ஒரு ஹோட்டல் வந்திருக்கு. சுத்தமான நாட்டுச் சாப்பாடு. சனிக்கிழம மத்தியானம் உடுத்துக் கெட்டி ரெடியா இருங்க" என்றாள்.

ஞானதாசன் தேய்த்த வேட்டியும் சட்டையுமாகப் போனார். மனைவி ராஜபாய், மகளின் கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டியிருந்தாள். உள்ளே போனால், மேலே ஓலைக் கூரை, அதற்குக் கீழே ஏசி. சுவரில் செம்மண் பூசியிருந்தது. தண்ணீர் மண் டம்ளரில் வந்தது. மெனு கார்டை ஜினிஷா அப்பாவின் கைக்குக் கொடுக்கவே இல்லை. பரிமாறுகிற பெண் கைத்தறிச் சேலை கட்டி வந்து, மசித்த மரச்சீனிக் கிழங்கையும் காந்தாரி மிளகாய்த் துவையலையும் வாழையிலைக் கீற்றில் வைத்து, அது என்ன, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மெதுவான குரலில் விளக்கினாள். தினமும் தின்கிற மரச்சீனியைப் பற்றி ஒருத்தி தனக்குச் சொல்லித்தருவதைக் கேட்டு ராஜபாய் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

பெண் போனதும் நாலு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். வீட்டு வழக்கம்.

ஞானதாசன் கண்ணை மூடப் போனார். அப்போதுதான் அந்த இடத்தின் அமைதி அவருக்கு உறைத்தது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் இங்கிலீஷில் காதோடு காதாகப் பேசியது. இன்னொரு மேசையில் ஒருவன் மீன் சட்டியைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கரண்டி தட்டுகிற சத்தம்கூட இல்லை. இதற்குள் "சர்வ வல்லமையுள்ள" என்று எடுத்தால் எப்படி இருக்கும்? மெதுவாக ஜெபிக்கலாம். ஆனால் மெதுவாக ஜெபித்து அவருக்குப் பழக்கமே கிடையாது. சத்தம் இறங்கினால் வார்த்தையும் போய்விடும்.

நெற்றியைச் சொறிகிற மாதிரி ஒருமுறை குனிந்தார். "ம்ம். திண்ணுங்க" என்றார்.

ஜினிஷா விட்டால் போதும் என்று கையை வைத்தாள். ஸ்டெனி மாமனாரையும் பார்க்கவில்லை, இலையையும் பார்க்கவில்லை. ராஜபாயின் கை மடியிலேயே இருந்தது.

"ஜெபிக்கல்லியே" என்றாள்.

"மனசுக்குள்ள ஜெபிச்சாச்சு."

"உங்களுக்கு மனசுக்குள்ள ஜெபிக்கத் தெரியுமா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. முப்பது வருசத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்பதால் கேட்டாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, விடுங்க. நீங்க தின்னுங்க" என்றாள் ஜினிஷா.

"இருக்கட்டு மக்கா. அப்பா ஜெபிக்கட்டு. எனக்குப் பசிக்கல்ல."

"ஏட்டி, சொன்னா மனசிலாவாதா ஒனக்கு? திண்ணுட்டி பேசாம!"

கூரை வரைக்கும் போனது அந்தச் சத்தம். பக்கத்து மேசைக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. படம் பிடித்தவன் போனைத் தாழ்த்தினான். கல்லாவில் இருந்த ஆள் எட்டிப் பார்த்தான். எந்தப் பார்வைக்குப் பயந்து வாயை மூடினாரோ அத்தனை பார்வையும் இப்போது அவர் மேல் இருந்தது. ஜெபிக்க வராத தொண்டை, பெண்டாட்டியை ஏச மட்டும் எப்படி வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. ராஜபாய் பட்டுச் சேலையின் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். கல்யாண நாள் அதுவுமாக, கண் கலங்கியதை மறைக்கத் தண்ணீர் டம்ளரைத் தூக்கினாள். குடிக்கவில்லை.

"மாமா" என்றான் ஸ்டெனி. "நான் ஒரு வார்த்த ஜெபிக்கட்டுமா?"

கேலியாகக் கேட்டிருந்தால் ஞானதாசன் பதில் வைத்திருந்தார். அவன் கேலி செய்யவில்லை. தலையை ஆட்டினாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

ஸ்டெனி கண்ணை மூடினான். பக்கத்திலிருப்பவரோடு பேசுகிற சத்தம்தான். "அப்பா, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். மாமாவையும் மாமியையும் முப்பது வருசம் சேத்து நடத்தினதுக்காக ஸ்தோத்திரம். மாமா வெயிலுலயும் மழையிலயும் பாடுபட்டு ஜினிஷாவ ஆளாக்கினாங்க. அவங்களுக்குச் சுகம் குடுங்க. ஆமென்."

ஞானதாசன் கண்ணை மூடவில்லை. மூட முடியவில்லை. மீன்கறிச் சட்டியோடு வந்த பரிமாறும் பெண் இரண்டடி தள்ளி அப்படியே நின்று தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தார். ஆமென் சொன்ன பிறகுதான் அவள் கிட்டே வந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று என்ன தின்றோம் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. மீன் வந்தது, நாட்டுக்கோழி வந்தது, கருப்பட்டி போட்ட ஏதோ ஒரு இனிப்பு வந்தது. ராஜபாய் எல்லாவற்றிலும் ஒவ்வொரு வாய் வைத்தாள். திரும்பும்போது காரில் ஸ்டெனியே பாட்டுப் போட்டான், ஸ்டெனியே பேசினான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "வாறோம் மாமா" என்றான். ஞானதாசன் காரின் பின்டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகும்முன் ராஜபாய் கஞ்சியும் பயறும் எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கையை மடியில் வைத்தாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. ஞானதாசன் கண்ணை மூடினார். முதல் வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. மார்த்தாண்டத்துப் பந்தியில் சிவந்த அந்தக் காதுகள் கண்ணுக்குள் வந்து நின்றன. கண்ணைத் திறந்து போனை எடுத்தார்.

"சொல்லுங்க மாமா" என்றான் ஸ்டெனி.

"காருக்கப் பின்டயருல காத்து கம்மியா கெடந்து. பாத்தீரா?"

"காலத்த எழும்பின உடனே காத்து அடிச்சாச்சு மாமா."

"செரி."

வைத்துவிட்டார். ராஜபாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டயருக்கா விளிச்சிய?"

அவர் போனைக் கஞ்சிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"நான் இருக்கேன். இன்னொருக்கா விளிங்க."

திரும்பவும் விளித்தார். இந்த முறை அவன் பேசுவதற்குமுன் முந்திக்கொண்டார். "மாப்பிள்ளே, அண்ணைக்கு அந்தக் கல்யாணப் பந்தியில நான் உம்ம பேசினது..." செருமினார். "அது செரியில்ல வேய். அப்பிடி நான் பேசிருக்கப்பிடாது."



"கஞ்சி குடிச்சாச்சா மாமா?" என்று ஸ்டெனி கேட்டான்.

"இல்ல" என்றார் ஞானதாசன். "இன்னும் ஜெபிக்கல்ல."