தாடையில் விழும் அசைகள்

புறங்கையை மோவாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு மெஹர்னிசா 'எலக்ட்ரிசிட்டி' என்கிறாள். அசைக்கு ஒன்றாகத் தாடை ஐந்து முறை கையில் இடிக்கிறது. "மூணாவதுல நல்லா எறங்குது பாரு, அதான் ஸ்ட்ரெஸ், அழுத்திச் சொல்ற எடம்."

புதுவாயல் கூட்டுரோட்டில், செல்போன் ரீசார்ஜ் கடைக்கு மேலே அவள் வீடு. முன்னறையில் ஆங்கில வகுப்பு. கால் சென்டர் வேலைக்குப் போக ஆசைப்படும் கம்பெனிப் பிள்ளைகள் ஷிப்ட் முடிந்து வருவார்கள். கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் வாயசைக்கச் சொல்வாள். அறை முழுக்கத் தாடைகள் மட்டும் ஏறி இறங்கும். எனக்கு அது பழகவே இல்லை.

காய்ச்சல் மாத்திரையின் பெயரைக்கூட அசை பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவாள். தூக்கத்திலும் அவள் தாடை அசைகிறது.

உள்ளறையில் அவள் தாய் ரமீஸா பீவி படுத்திருக்கிறாள். பக்கவாதம். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் போகிறேன். பேச்சில்லை, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. வாயைத் தானாகத் திறந்து விழுங்காவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உம்மா வயித்துல ஓட்ட போட வுட மாட்டேன்" என்று மெஹர்னிசா ஒரே பிடிவாதம். வகுப்பு விட்டதும் தாயின் மோவாய்க்கு அடியில் கை கொடுத்து, நீள நீளமான வார்த்தைகளாகச் சொல்வாள். பழவேற்காட்டில் பிறந்து வளர்ந்த அந்த அம்மாளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது.

"தாடை எறங்குது மணிம்மா!"

"உன் கைதான் எறங்குது."

"எப்பப் பாத்தாலும் பேஜாரு பண்ணிக்கினே இரு."

"அப்போ கைய பின்னால கட்டிக்கினு சொல்லு, பாக்கலாம்" என்றேன், போன வாரம்.

கட்டிக்கொண்டாள். நான்கைந்து வார்த்தைகள் சொன்னாள். தாயிடம் அசைவே இல்லை. அடுத்த வார்த்தையை யோசித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அப்போது தாடை இறங்கியது. லேசாக மூன்று முறை. நான்காவது ஆழமாக. பிறகு இன்னும் இரண்டு. நாடி பிடித்துப் பார்த்தேன், சீராக இருந்தது. வலிப்பு இல்லை. வலிப்பை எனக்குத் தெரியும்.

"இன்னா வார்த்த சொன்ன?"

"இன்னும் சொல்லவே இல்ல மணிம்மா." தாயின் தாடையையே பார்த்தாள். "ரெஸ்பான்சிபிலிட்டின்னு மனசுலதான் நெனச்சேன்."

விரல் விட்டு அசைகளை எண்ணிப் பார்த்தேன். ஆறு, நான்காவதில் அழுத்தம். சரியாக இருந்தது.

இருக்கட்டும், வாய் திறந்திருக்கிறது. தானாக வாய் திறந்தால் ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாயின் தலையணையை உயர்த்திவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை மகளிடம் நீட்டினேன். தாயின் கண்கள் மகள்மேல் இருந்தன. வாய் திறந்தபடி காத்திருந்தது.

மெஹர்னிசா கிண்ணத்தை வாங்கவில்லை. "நான் மனசுல நெனைக்கறதெல்லாம் உம்மாவுக்குக் கேக்குது" என்றாள். துப்பட்டாவால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, நாற்காலியைக் கட்டிலிலிருந்து பின்னுக்கு இழுத்தாள்.