அரைப்பேர் போட்ட பயிற்சியாளர்

போன தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, நமுனுகுல பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து கிரவுண்டில் நடந்தது இது. பக்கத்துத் தோட்டத்தோடு கால்பந்து இறுதி மேட்ச்.

என் கடைசி மகன் அப்போது கொழும்பில் பெரிய கிளப்புக்கு விளையாடிக்கொண்டிருந்தான். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன், எங்கள் தோட்டத்துக்காக இந்த மேட்சில் இறங்க இருந்தான். டிவியில்கூட வந்திருக்கிறான். ஆனால் பெற்றவள் நான், அதுவரை ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. அவன் சின்னதில் விளையாடிய நேரமெல்லாம் நான் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றேன். அதற்கடுத்த வாரம் மாலைதீவுக்கு விளையாடப் போக இருந்தான், வர இரண்டு வருஷமாகும். எனக்கென்று கிடைத்தது இந்த ஒரு மேட்ச்தான்.

அதையும் நானே கெடுத்தேன். பிள்ளை மெலிந்துவிட்டான் என்று நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். "நேரமாச்சும்மா, பேர் கூப்பிட்டுருவாங்க" என்று எழும்பியவனை, "ஒன்னைய விட்டுட்டுத் தொடங்கிருவாங்களா? தின்னுட்டுப் போ" என்று பிடித்து உட்கார வைத்தேன்.

எங்கள் பயிற்சியாளர் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மனிதர். சம்பளமில்லாமல் பழக்குகிறார். என் மகனுக்கும் முதலில் பந்தைக் காட்டியவர் அவர்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு மாதிரியே, மேட்ச் நாளில் வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், அதாவது அரை நாள் வேலைதான் எழுதுவார்கள். இவரிடம் பிந்தினால் பாதி மேட்ச்தான்.

மகன் போய்ச் சேர்ந்தபோது பேர் கூப்பிட்டு முடிந்திருந்தது. வெளியே உட்கார வைத்துவிட்டார்.

முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கினோம். "யோவ், கொழுந்த வாட்டுனது பத்தாதுன்னு எங்களையும் வாட்டுறியா? கொழும்புக்காரன எறக்குய்யா!" என்று சனம் கத்தியது. கப் போனால் உன்னை மாற்றிவிடுவோம் என்று விளையாட்டுச் சங்கத் தலைவரே வந்து சொல்லிவிட்டுப் போனார். மனிதர் அசையவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உட்கார்ந்திருந்த மேட்டிலிருந்து அவரிடம் இறங்கினேன்.

"ஏன் தம்பி, ஊரே கொண்டாடுற புள்ளைய குந்த வச்சுருக்கியே, ஒனக்கென்ன பொறாமையா?"

"அதெல்லாம் இல்லக்கா. பிந்தினது யாரா இருந்தாலும் அரைப்பேருதான்."

"நான்தானய்யா புடிச்சு வச்சேன்! பழிய என் மேல போடு."

"அப்படின்னா நீங்களும் அரைப்பேருதான் பாக்கணுங்கக்கா" என்றார்.

மகனைப் பார்த்தேன். அவன் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், உள்ளே நிற்கிற அத்தனை பேரும் அவன் பக்கம்தான். இந்த மனிதரால் தடுக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும்.

"அண்ணன் சொன்னா சொன்னதுதாம்மா. மேல போய் ஒக்காருங்க" என்றான்.

இரண்டாம் பாதியில் இறங்கினான். என் பிள்ளை பந்தோடு ஓடியதை என்னவென்று சொல்ல? மலைச்சரிவில் மேகத்தின் நிழல் ஓடுமே, அப்படி. ஒரு கோல் போட்டான். கைதட்டக்கூட மறந்து நின்றேன். ஆனாலும் கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

சனம் ஏசிக்கொண்டே கலைந்தது. பயிற்சியாளர் தனியாக நின்று உரச்சாக்கில் பந்துகளைப் போட்டுக்கொண்டிருந்தார். மகன் போய்ச் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தான்.

நாற்பது வருஷம் பெரட்டில் நின்றவள் நான். எத்தனையோ கங்காணிமாரை, துரைமாரைப் பார்த்திருக்கிறேன். சத்தம் போடாத அப்படியொரு அதிகாரத்தையும், அதற்குத் தானாகவே அடங்கிய அப்படியொரு பலத்தையும் அன்றுதான் கண்டேன். இப்போது யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், அவன் போட்ட கோலை அல்ல, முதல் பாதி முழுக்க அவன் எழும்பாமல் உட்கார்ந்திருந்ததைத்தான் நான் முதலில் சொல்கிறேன்.