மூன்றாவதாக வந்தால்

என் சைக்கிளை விற்பதற்குக் கணவர் ஆள் பிடித்து வைத்திருந்தார். பக்கத்து ஊரான பென்டில் ஹில்லில் இருக்கும் அவருடைய கூட்டாளி ஒருவர், தன் மகனுக்கென்று கேட்டு விடாமல் போன் எடுத்துக்கொண்டிருந்தார். நானோ அதே சைக்கிளில் ஞாயிறு தோறும் ரேஸ் ஓடிக்கொண்டிருந்தேன்.

நாற்பதைத் தாண்டிய பிறகு பிடித்த பைத்தியம் இது. சும்மா இருக்கச் சொன்னால் எனக்கு மூச்சு முட்டும். அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தாலும் மேசைக்கடியில் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். சேர்ச்சில் பூசையின்போது பிரசங்கம் நீண்டால் முழங்கால் ஆடத் தொடங்கும். முன் வாங்கில் உட்கார்ந்திருக்கும் அன்ரி திரும்பி முறைப்பார். கிரவீனில் எங்கள் வீதியில்தான் அவரும் இருக்கிறார். இறுக்கமான ரேஸ் உடுப்போடு நான் புறப்படுவதைக் கண்டுவிட்டு ஒருநாள் கேட்டே விட்டார்: "பிள்ளை, உதுக்கு மேல ஒரு சட்டை போட்டால் என்ன?"

முதல் வருஷமே ஒரு வளைவில் சறுக்கி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டேன். கையைத் தூக்க முடியாமல் கிடந்த நாட்களில் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டது கணவர்தான். பின்னல் கோணலாகத்தான் வரும். ஒரு காலை, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒருக்கா மூண்டுக்குள்ள வந்து ஒரு மெடல் எடும். ஆசை தீர்ந்திடும். அதோட சைக்கிளை வித்திடுவம். சரியே?"

"ஓம்" என்றேன். மூன்றுக்குள் வருவதெல்லாம் அப்போது நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கிளப்பில் ஓட்டக்காரர்களைப் பலம் பார்த்து வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள். ஆண், பெண், வயது என்ற பேதமில்லை. நான் கடைசி வகுப்பு. தொழிற்சாலைகள் பூட்டிக் கிடக்கும் ஞாயிறு காலையில், லொறிகள் இல்லாத வீதிகளைச் சுற்றிச் சுற்றி ஓடுவோம். ஒருவர் முன்னால் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்ள, மற்றவர்கள் அவருக்குப் பின்னால் ஒளிந்து ஓடுவார்கள். களைத்ததும் அவர் முழங்கையை ஆட்டி அடுத்தவரை முன்னால் கூப்பிடுவார். அதுதான் அங்கே முறை.

எனக்கு முன்னால் எப்போதும் ஒரு வெள்ளைக்காரர்தான் அகப்படுவார். எழுபது வயதைத் தாண்டியவர். அவர் முழங்கையை ஆட்டினால் எனக்கு முந்திப் போக மனம் வராது. பந்தியில், கடை வரிசையில், கோயில் வாசலில் என்று எங்கேயும் பெரியவர்களை முன்னால் விட்டே பழகிய உடம்பு. "யூ கோ, அங்கிள்" என்பேன். முடிவுக்கோட்டிலும் இதே கதைதான். அவர் மூன்றாவது, நான் நாலாவது. அடுத்த ஞாயிறும் அப்படியே.

ஒருநாள் ஓட்டம் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னிடம் வந்தார். உன் காலில் இவ்வளவு பலம் இருக்கிறது, பிறகு ஏன் என் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறாய் என்று கேட்டார். நீங்கள் வயதில் பெரியவர் அல்லவா என்றேன். அவருடைய முகம் சிவந்துவிட்டது.

"நான் ரேஸ் ஓட வருகிறேன். எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம்" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் தீட்டும்போதும் அந்தப் பேச்சு, கறிக்கு வெங்காயம் வெட்டும்போதும் அந்தப் பேச்சு. உண்மையில் அது மரியாதைதானா? இல்லை, அவரைத் தாண்டினால் என் சைக்கிள் போய்விடும் என்ற பயமா? இரண்டும்தான். எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, கடைசி வளைவு திரும்பியதும் இருக்கையிலிருந்து எழும்பி மிதித்தேன். அவருக்குப் பக்கத்தில் வரும்போது, "சொறி அங்கிள்" என்று வாய் தன்பாட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டது. அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். திட்டிக்கொண்டே கோடு வரைக்கும் துரத்தினார். நான் மூன்றாவது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மெடலைக் கழுத்தில் போட்ட கிளப் ஆள், அடுத்த கிழமை நீ மேல் வகுப்பு என்றார். இன்னும் பலம் மிச்சமிருக்கிறவர்களை மேலே ஏற்றிவிடுவது அங்கே வழக்கமாம். மேலே போனால் திரும்பவும் நான்தான் கடைசி, திரும்பவும் ஓட ஒரு சாட்டு. அதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்ததை அவர் விசித்திரமாகப் பார்த்தார்.

வீட்டில் கணவர் குசினியில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தார். மெடலைக் கண்டதும் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"அப்ப முடிஞ்சுது" என்றார்.

"முடியேல்லையப்பா. என்னை மேல் வகுப்புக்கு ஏத்திப்போட்டினம்."

"அங்க எப்ப மூண்டுக்குள்ள வருவீர்?"

"வராமலும் போகலாம். எண்டாலும் எனக்கு ஓடவேணும். சும்மா இருக்க ஏலாது."

பேச்சு மாறியவள் நான்தான். அவர் கோபப்பட்டால் பதிலுக்குப் பதில் சொல்லத் தயாராகத்தான் வந்தேன். அவர் கோபப்படவில்லை. எலும்பு ஒட்டிய இடத்தில் என் தோளருகே ஒரு சின்ன மேடு இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பென்டில் ஹில் கூட்டாளிதான். கணவர் அடுப்பைக் குறைத்துவிட்டு எடுத்தார்.

"இல்லையண்ணை, குறை நினையாதேங்கோ, சைக்கிளை விக்கேல்லை" என்றார். "மனுசி இன்னும் ஓடி முடிக்கேல்லை."